அச்சா, ஆட்டமா: கமலாட்சி பார்த்த காசுகள்

வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் "இல்லை" என்றே சொல்லி அனுப்பிய ஒருவரைத் தேடி ஆட்கள் ஏன் திரும்பத் திரும்ப வந்தார்கள்? கமலாட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்தக் கேள்விதான். நம்பிக்கை கொடுப்பவரைச் சுற்றிக் கூட்டம் சேர்வது புரிகிறது. கொண்டுவந்த நம்பிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நீங்கள் நினைத்தது இது இல்லை என்று திருப்பிக் கொடுப்பவரிடம் கூட்டம் சேர்வது அவ்வளவு எளிதாகப் புரிவதில்லை. போதாததற்கு, திரும்பிப் போனவர்களில் பெரும்பாலானோர் சிரித்துக்கொண்டே போனார்கள்.

மாத்தளை திருகோணமலை வீதியில் மூக்குக்கண்ணாடி விற்கும் கடையொன்றில் கமலாட்சி வேலை செய்கிறார். பிரேம் பொருத்துவது, தளர்ந்த ஆணியை முறுக்குவது, காதுக்குப் பின்னால் உறுத்தும் கம்பியைச் சூடுகாட்டி வளைப்பது எல்லாம் அவர் கை வேலை. பிறந்தது எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும் வரைக்கும் என்று சொல்லிக் கடைக்கு வந்தவர், முடிவு நன்றாக வந்த பிறகும் போகவில்லை. கணவர் நதா லொறி ஓட்டுபவர். அவர் வீட்டில் இருக்கும் நாட்களைவிடத் தம்புள்ளச் சந்தைக்குப் போகும் வழியில் இருக்கும் நாட்கள் அதிகம். ஒரே மகள் ஹம்சிகா.

கடை முதலாளி சிவசுப்பிரமணியம் யாழ்ப்பாணத்துக்காரர், கண் பரிசோதிப்பவர். அவருடைய மேசையில் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சிறிய லென்ஸ் ஒன்று இருக்கும். வில்லையில் விழுந்த கீறலைப் பார்க்கத்தான் அது. ஒருநாள் மதியம், ஆளில்லாத நேரத்தில், காசு போடும் மேசை லாச்சியில் கிடந்த இரண்டு ரூபாய் ஒன்றைக் கமலாட்சி அதற்குள் வைத்துப் பார்த்தார். இத்தனை காலமும் கையில் புழங்கிய பொருளில் மேடும் பள்ளமும் சரிவும் இருப்பதைக் கண்டதும், ஏதோ மலையொன்றின் மேலிருந்து கீழே பார்ப்பதுபோல இருந்தது என்று பின்னாளில் சொன்னார். அதன்பிறகு லாச்சிக்கு வந்த எந்தக் காசும் அவர் பார்க்காமல் வெளியே போகவில்லை.

சில வருடங்களில் அது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கைத்தொலைபேசியில் அந்த வீடியோக்களும் வரத் தொடங்கின. எழுத்து இரண்டாகத் தெரியும் காசு உங்களிடம் இருக்கிறதா, அது லட்சக்கணக்கில் போகும் என்று யாரோ ஒருவர் பின்னணி இசையோடு சொல்வார். இரவு அதைப் பார்த்தவர்கள் காலையில் தகர டின்னைக் கொட்டித் தேடுவார்கள். மத்தியானம் கமலாட்சியின் முன்னால் நிற்பார்கள்.

காசில் எழுத்து இரண்டாகத் தெரிவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. காசை அடிப்பது உருக்கினால் ஆன ஓர் அச்சு. அந்த அச்சைச் செய்யும்போது உருவத்தை அதன்மேல் ஒருமுறை அழுத்திப் பதித்து, மறுமுறை அழுத்துகையில் மயிரளவு விலகிவிட்டால், அச்சே இரண்டு உருவங்களைச் சுமந்துவிடும். பிறகு அது அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில், அதே அளவில் அந்த இரட்டை வரும். சேகரிப்பவர்கள் தேடி அலைவது இதைத்தான். மற்றக் காரணம் சாதாரணமானது. அச்சில் ஒரு குறையும் இருக்காது, இயந்திரத்தில் அது சற்றுத் தளர்ந்திருக்கும். காசை அடித்துவிட்டு மேலே எழும்பும் நொடியில் ஆடி, அப்போதுதான் எழுந்த எழுத்தின் ஓரத்தைப் பக்கவாட்டில் நசுக்கிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு கோடு தெரியும். ஆனால் இரண்டாவது கோடு எழுத்து அல்ல, எழுத்திலிருந்து தள்ளப்பட்ட தட்டையான படி. இப்படிப்பட்ட காசுகள் எங்கும் கிடைக்கும், ஒன்றைப்போல ஒன்று இருக்காது.

முதலாவதைக் கமலாட்சி 'அச்சு' என்றார். இரண்டாவதை 'ஆட்டம்' என்றார். வந்த காசுகள் எல்லாமே ஆட்டம்தான்.

ஒருமுறை ஓட்டோக்காரர் ஒருவர் ஐந்து ரூபாயொன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கமலாட்சி லென்ஸை அவர் கண்ணிலேயே வைத்துவிட்டு, எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி ஒன்று தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றார் அவர்.

"வீட்டுல கொக்கிஸ் சுடுவாங்கல்ல? அச்சு வளைஞ்சிருந்தா சுடுற கொக்கிஸ் எல்லாம் வளைஞ்சுதான் வரும். அச்சு நல்லா இருந்து, எண்ணெயில கை ஆடிப்போச்சுன்னா அந்த ஒன்னு மட்டுந்தான் கோணும். உங்க காசு கை ஆடினதுங்க."

"அப்ப இது லட்சத்துக்குப் போவாதா அக்கா?"

"அஞ்சு ரூபாய்க்குக் கட்டாயம் போகும். அதுல சந்தேகமே வேணாம்."

ஓட்டோக்காரர் சிரித்துவிட்டார். ஆனால் உடனே எழுந்து போகவில்லை. மறுபடி லென்ஸைக் கேட்டு வாங்கி, அந்தப் படிக்கட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ தூரதேசத்தில் ஓர் இயந்திரம் ஆடிய ஒரு கணம் தன் சட்டைப்பையில் கிடந்திருக்கிறது என்பது அவருக்குப் பிடித்திருந்தது போலும். என் முதல் கேள்விக்கு இது ஒரு பகுதிப் பதிலாக இருக்கலாம். கமலாட்சி ஆசையை எடுத்துக்கொண்டார், ஆனால் ஆளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. அதன் இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றை வைத்து அனுப்பினார்.

முதலாளிக்கும் இதில் நட்டமில்லை. "பிள்ளை, உம்மட்டக் காசு காட்ட வாற ஆக்களில அரைவாசிப் பேருக்குக் கண் சரியில்லை. அப்பிடியே என்னட்டயும் ஒருக்கா அனுப்பிவிடும்" என்று சிவசுப்பிரமணியம் சொல்லிவைத்திருந்தார். கமலாட்சியும் அனுப்பினார். இரட்டைக் கோடு தேடி வந்த பலர் வாசிக்கும் கண்ணாடியோடு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த இரண்டு சொற்களும் கடையை விட்டு இறங்கி வீதியில் நடக்கத் தொடங்கின. பஸ் ஸ்டாண்டில் புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள், "விடுங்க, அது ஆட்டந்தான், அச்சு நல்ல அச்சு" என்று சமாதானம் சொன்னார்கள். மூன்றாவது தடவையாகப் பெயிலான பையனைப் பற்றி அவனுடைய தகப்பனே "இது அச்சு" என்றாராம்.

இதையெல்லாம் சொல்வதால் கமலாட்சியை ஒரு ஞானி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவருக்குச் சரியாகச் சொல்வதில் உள்ள ஆசை கொஞ்சம் அதிகம். வேகமாகச் சொல்வதில் அதைவிட அதிகம். லென்ஸைக் கண்ணில் வைக்கையில் இழுத்த மூச்சு வெளியே வருவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். வந்தவை எல்லாம் ஆட்டமாகவே இருந்ததால் அந்த வேகம் ஒருபோதும் பிழையாகப் போனதில்லை. பிழைக்காத வேகத்தை ஒருவர் தன் திறமை என்று எடுத்துக்கொள்வது இயல்புதான்.

அந்த வேகம் ஒருநாள் யாகூப் நானாவின் காசில் போய் முட்டியது.

யாகூப் கராம்பும் மிளகும் வாங்கி விற்கும் வியாபாரி, ஊருக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன். அறுபது வயதைத் தாண்டியவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், அந்த வாரம் தன் கடையில் சேர்ந்த காசுகளில் சந்தேகமானவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கமலாட்சியிடம் வருவார். அவருடைய சட்டையிலிருந்து வரும் கராம்பு வாசம் அவருக்கு முன்னாலேயே கடைக்குள் நுழைந்துவிடும். "தங்கச்சி, இண்டக்கி ஒங்கட வாயால ஒரு அச்சு செல்ல வைக்காமப் போகமாட்டேன்" என்பார். கமலாட்சி ஒவ்வொன்றாகப் பார்த்து ஆட்டம், ஆட்டம் என்று தள்ளுவார். "இது காசே இல்ல நானா, பொத்தான்" என்று ஒருநாள் சொன்னதும் உண்டு. அவருக்கு அந்த வெள்ளிக்கிழமைகள் தேவையாக இருந்தன. கமலாட்சிக்கும் அப்படித்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

காசு சேர்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாட்களில் கூடுவார்கள். அன்றைக்குக் கடைகள் பூட்டு என்பதால் கண்ணாடிக் கடையின் பின்னறையைச் சிவசுப்பிரமணியம் திறந்து கொடுப்பார். பக்கத்துக் கடையில் கைத்தொலைபேசி திருத்தும் பஸ்லி, தான் வேலைக்குப் பாவிக்கும் நுணுக்குக்காட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். அதன் கீழே காசை வைத்தால் திரையில் தட்டளவு பெரிதாகத் தெரியும். பஸ்லிக்கு வாயும் அதேபோல, எதையும் பெரிதாக்கும்.

அப்படியொரு போயா அன்று யாகூப் ஓர் ஐந்து ரூபாயைக் கொண்டுவந்தார். அது எந்த வருடத்துக் காசு என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிப்பவர்கள் பாதியில் எழுந்து டின்னைத் தேடப் போய்விடுவார்கள். இந்த முறை அவர் வேடிக்கையாகப் பேசவில்லை. வீட்டில் மூன்று நான்கு நாட்களாகப் பார்த்துப் பார்த்து முடிவுக்கு வந்திருந்தார். ஐந்து என்ற இலக்கத்தின் மேற்கோடு இரண்டாக இருந்தது. 'ஐந்து' என்ற தமிழ்ச் சொல்லில் 'ஐ'யின் சுழியும் இரண்டாக இருந்தது. இது அச்சு என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

கமலாட்சி லென்ஸை வைத்தார். இலக்கத்தின் ஓரத்தில் தட்டையான படி பளிச்சென்று தெரிந்தது. எத்தனையோ காசுகளில் பார்த்த அதே படி.

"ஆட்டம் நானா."

"திரும்பப் பாருங்க தங்கச்சி."

"பார்த்துட்டேன் நானா. படி நல்லாத் தெரியுது."

யாகூப் சுழியைப் பார்க்கச் சொன்னார். கமலாட்சி பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கண் அங்கே போனது, ஆனால் தீர்ப்பு முன்பே போய்விட்டிருந்தது. பஸ்லி சும்மா இருந்திருக்கலாம். "நானா, காசில ஆட்டமில்ல, ஒங்கட கையிலதான் ஆட்டம். டொக்டர்ட்ட காட்டுங்க" என்றான். அறை முழுவதும் சிரித்தது. யாகூப்பும் சிரித்தார். காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, தேநீர் வருவதற்கு முன்பே எழுந்து போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. கராம்பு பறிக்கும் காலம், வேலை அதிகமாக இருக்கும் என்று கமலாட்சி நினைத்துக்கொண்டார். கராம்பும் முடிந்தது. பிறகு ஒருநாள் மூக்குக்கண்ணாடியின் ஆணி கழன்றுவிட்டதென்று வந்தார். வேறு பேச்சில்லை. புறப்படும்போது பண்டசாலைச் சாவிக்கொத்தைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தார். கொத்தில் அந்த ஐந்து ரூபாய் தொங்கியது. விளிம்போரமாகத் துளை போட்டு வளையத்தில் மாட்டியிருந்தார்.

"இனி என்ட கண்ண நம்புறதில்லண்டு ஞாபகத்துக்கு வெச்சீக்கிறன்" என்றார். அது கோபமாக இருந்திருந்தால் கமலாட்சி பதில் சொல்லியிருப்பார். அவரோ கோபமே இல்லாமல், ஒரு விலையை ஒத்துக்கொள்வதுபோலச் சொன்னார். அவரிடமிருந்து ஒரு காசைத்தான் தான் தள்ளிவிட்டதாக நினைத்திருந்தார். அன்றைக்குத்தான், தள்ளப்பட்டது வேறொன்று என்று தெரிந்தது. அதன் பிறகு வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் கமலாட்சி வாசலைப் பார்ப்பதை முதலாளி கவனித்திருக்கிறார்.

இனி ஒரு மஞ்சள் முடிச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மலைநாட்டில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஏதேனும் ஒன்று நடக்க வேண்டுமென்று மனம் தவிக்கும்போது, ஒரு காசை எடுத்து, மஞ்சளில் நனைத்த துணியில் முடிந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். காரியம் கைகூடியதும் அதைக் கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் போட வேண்டும். ஆசிரியராவதற்காக ஹம்சிகா கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்த நாட்களில் கமலாட்சியும் ஓர் ஐந்து ரூபாயை முடிந்துவைத்தார். சாமிக்கு அழுக்குக் காசு ஆகாது என்பதால் அதைப் புளி போட்டுத் தேய்த்தார், குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல. காசு தங்கம்போல மின்னியது.

காசு சேர்ப்பவர்கள் இதைக் கேட்டால் தலையில் கை வைப்பார்கள். காசைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவர்களுக்குள் ஆகாத காரியம். அப்படிச் செய்துவிட்டு வருபவர்களைக் கமலாட்சியே நன்றாகத் திட்டியிருக்கிறார். ஆனால் அன்று அவர் கையில் இருந்தது காசு அல்ல, நேர்ச்சை. அதை லென்ஸில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பல வருடங்களில் அவர் பார்க்காமல் விட்ட ஒரே காசு அதுவாகத்தான் இருக்கும்.

ஹம்சிகாவுக்கு இடம் கிடைத்தது. செய்தி தொலைபேசியில் வந்தபோது தாயும் மகளும் சமையலறையில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள், சோறு அடிப்பிடித்தது. நதா லொறியை நாலந்தாவுக்குப் பக்கத்தில் ஓரங்கட்டிவிட்டு, வீதியில் நின்ற தெரியாத ஆட்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நேர்ச்சைக் காசைப் போட வெள்ளிக்கிழமை எல்கடுவ அம்மன் கோயிலுக்குப் போவதென்று முடிவானது.

செய்தி வந்த அன்றே பின்னேரம் கமலாட்சி சாமி படத்தடியைத் துடைக்கையில் முடிச்சை எடுத்தார். துணியின் ஒரு மூலையைக் கரப்பான் அரித்திருந்தது. காசு நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்து, யன்னலருகே போய்ப் படுத்தது. சாய்ந்த வெயில் அதன்மேல் பட்டது. குனிந்து எடுக்கப் போனவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். ஐந்தின் மேற்கோடு தடித்திருந்தது. நுனியில் ஒரு சிறு பிளவு.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே அவர் வந்து லென்ஸை எடுத்தார். தட்டையான படி எங்கும் இல்லை. இரண்டு கோடுகளும் உருண்டு திரண்டு, தோளோடு தோளாக நின்றன. 'ஐ' என்ற எழுத்தின் சுழியும் அப்படியே இரண்டாக இருந்தது. இத்தனை வருடமும் படங்களில் மட்டுமே கண்டது. கமலாட்சி மூச்சை விட்டார். இந்த முறை தீர்ப்பு உடனே வரவில்லை. மகிழ்ச்சிக்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது. மேற்கோடும் சுழியும். இதே இரண்டு இடங்களை யாரோ ஒருவர் பார்க்கச் சொல்லியிருந்தார்.

ஆட்டம் ஒவ்வொரு காசிலும் ஒவ்வொரு மாதிரி வரும். அச்சில் உள்ளது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். இதைத்தானே அவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்?

முதலாளியிடம் சொல்லாமலேயே கமலாட்சி வீதியைக் கடந்து யாகூப்பின் பண்டசாலைக்கு ஓடினார். மிளகுச் சாக்குகளை வெயிலுக்கு இழுத்துக்கொண்டிருந்த யாகூப், என்னவோ ஏதோ என்று பயந்து நிமிர்ந்தார்.

"நானா, சாவியக் குடுங்க."

"எந்தச் சாவி புள்ள? பண்டசாலை தொறந்துதானே ஈக்கி."

"காசு தொங்குற சாவி."

வாசற்படியில் உட்கார்ந்து, கொத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். துளை விளிம்போரத்தில் விழுந்ததால் இலக்கம் தப்பியிருந்தது. படி இருந்தது. அன்றைக்குக் கண்ட அதே தட்டையான படி. அதன் பக்கத்திலேயே, அதனால் பாதி மறைந்து, மேற்கோட்டு நுனியில் அந்தப் பிளவு. சுழியில் படி இல்லை, உருண்டையான இரட்டை மட்டும் சுத்தமாக இருந்தது. இரண்டும் ஒரே காசில் இருந்தன. அச்சு பிழையாகப் பிறந்தது, பிறகு ஆடியும் விட்டது. ஆட்டத்தைக் கண்டவுடன் அச்சைத் தேடாமல் விட்டது கமலாட்சி.

தன் காசையும் எடுத்து யாகூப்பின் உள்ளங்கையில் வைத்தார். லென்ஸைக் கொடுத்தார். யாகூப் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், மறுபடி முதலாவதைப் பார்த்தார்.

"உங்க கண்ணு சரியாத்தான் இருந்துச்சு நானா. என் கண்ணுதான் அவசரப்பட்டுருச்சு" என்றார் கமலாட்சி.

யாகூப் தன் காசின் துளையை விரலால் தடவினார். பிறகு சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டி, "நான் இதில ஓட்டை போட்டுட்டேனே புள்ள" என்றார்.

"நான் மட்டும் என்னவாம்? புளி போட்டுத் தேய்ச்சு வெச்சிருக்கேன்."

"புளி போட்டா?"

"நல்லாத் தேய்ச்சேன் நானா. மஞ்சத்தண்ணியிலயும் முக்கினேன்."

யாகூப்புக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. கமலாட்சிக்கும் அடக்க முடியவில்லை. ஊரெல்லாம் தேடிய காசு இரண்டு கிடைத்து, ஒன்றைத் துளைத்தும் ஒன்றைத் தேய்த்தும் இரண்டு பேருமாகக் கெடுத்து வைத்திருந்தார்கள். சிரிப்பில் மிளகுத் தூசி மூக்கில் ஏறி, தும்மலும் சிரிப்புமாகக் கண்ணில் தண்ணீர் வர இருவரும் உட்கார்ந்திருந்ததைச் சாக்குத் தூக்கும் ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தக் காட்சியை நான் காணவில்லை. கண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படும் சில காட்சிகளில் அது ஒன்று.

அடுத்த நாள் போயா. பின்னறையில் எல்லாரும் கூடியதும், கமலாட்சி இரண்டு காசுகளையும் பஸ்லியின் கருவிக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். யாகூப் நானாவின் காசைத் தான் பிழையாகச் சொல்லிவிட்டதாகவும், எப்படிப் பிழைத்தது என்பதையும், திரையில் விரலை வைத்து வரிவரியாகக் காட்டினார். சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு முன் எத்தனை காசுகளை இப்படி அவசரத்தில் தள்ளினேனோ தெரியாது, வீட்டில் இருப்பவற்றை எல்லாரும் மறுபடி கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார். நான் லேசில் யாரையும் புகழ்வதில்லை. பிழையை ஒத்துக்கொள்கிறவர்கள் பலர் உண்டு. பிழையைப் பாடமாக, அதுவும் மகிழ்ச்சியோடு நடத்திக் காட்டியவர்களை நான் அதிகம் கண்டதில்லை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

பஸ்லி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நானா, அண்டக்கி நான் செல்லின டொக்டர் வேணாம்" என்றான். "ஒனக்கு வேணும். வாய்க்கு" என்றார் யாகூப். அன்றைக்கு அறை சிரித்த சிரிப்பில் அவருடைய சிரிப்புத்தான் கடைசியாக ஓய்ந்தது.

இனி இந்த வகைக் காசை 'யாகூப் அச்சு' என்றே தங்களுக்குள் அழைப்பதென்று முடிவானது. அதன்பிறகுதான் சிக்கல் தொடங்கியது. துளையில்லாத காசு ஒன்றுதான் இருக்கிறது. அது கமலாட்சியின் காசு. ஆனால் அது அவருடையதும் அல்ல, அம்மனுக்கு முடிந்தது.

ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். பஸ்லி அதை வைத்துக்கொள்ளச் சொன்னான். சிவசுப்பிரமணியம், நேர்ந்தது ஐந்து ரூபாயா அல்லது அந்த ஐந்து ரூபாயா என்று கேட்டார். அது நல்ல கேள்வி. யாகூப் மட்டும், "சாமிக்கெண்டு வெச்ச சாமான். நான் அதில வாய் வைக்கமாட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் எல்கடுவக் கோயில் தலைவர் சுந்தரலிங்கத்தைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டார்கள். அவர் யோசிக்கவே இல்லை.

"வேற அஞ்சு ரூவா ஒன்ன முடிஞ்சு போட்டுட்டு அத எடுத்துக்கம்மா. அம்மாளுக்கு எல்லாக் காசும் ஒன்னுதான்."

எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது. கமலாட்சிக்கும் முகம் மலர்ந்தது. சரி, மாற்றிவிடுகிறேன் என்றார். லாச்சியிலிருந்து நல்ல ஐந்து ரூபாயொன்றைத் தேர்ந்தெடுத்ததும் அங்கேயே, எல்லார் கண் முன்னாலும்தான்.

வெள்ளிக்கிழமை யாகூப் தன் வேனைக் கொண்டுவந்தார். பஸ்ஸில் போக வேண்டாம், ஜும்ஆவுக்கு முன்னால் திரும்பிவிடலாம் என்று சொல்லித் தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு எல்கடுவைக்கு ஏறினார். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் வழியில் ஹம்சிகாவைக் கண்டு, டீச்சரம்மா என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். ஹம்சிகா இருக்கைக்குள் பதுங்கினாள். மேலே பனி விலகாமல் இருந்தது. கோயில் சிறியது. வெளியே வேனில் சாய்ந்து நின்ற யாகூப்புக்கு உண்டியலும் அதன் முன்னால் நின்ற கமலாட்சியும் நன்றாகத் தெரிந்தார்கள்.

பூசை முடிந்ததும் கமலாட்சி முன்னால் வந்தார். ஒரு கையில் புதிய மஞ்சள் முடிச்சு, மற்றக் கையில் அந்த அச்சுக் காசு, துணி சுற்றாமல். கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து, கோயிலுக்குள்ளேயே, கண்ணில் இடுக்கி அந்தக் காசை ஒருமுறை பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார். லென்ஸைப் பைக்குள் வைத்தார். பிறகு கையை நீட்டி, அந்தக் காசை உண்டியலுக்குள் போட்டார். உள்ளே மற்றக் காசுகளின் மேல் அது விழுந்த சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது என்கிறார் யாகூப்.

புதிய முடிச்சு கையிலேயே இருந்தது. அதை அவிழ்த்து, காசை எடுத்துக்கொண்டு, துணியை மடித்து இடுப்பில் செருகியபடி வெளியே வந்தார். முகத்தில் வருத்தம் என்று எதுவும் இல்லை. யாகூப் கையை விரித்து, என்ன புள்ள இது என்று கேட்டார். ஹம்சிகாவும் அதையே கேட்டாள். மாத்தளையில் பஸ்லி கேட்டான், முதலாளி கேட்டார், நானும் ஒருமுறை கண்ணாடி திருத்தப் போன சாக்கில் கேட்டேன்.

"வாங்க நானா, ஜும்ஆவுக்கு நேரமாகுது" என்று சொல்லி வேனில் ஏறியதுதான் கமலாட்சி அன்றைக்குச் சொன்ன பதில். நேர்ந்தது ஐந்து ரூபாயா, அந்த ஐந்து ரூபாயா என்று முதலாளி கேட்டதற்கு உண்டியலடியிலேயே பதில் சொல்லிவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.